உங்கள் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் உண்டு



இந்த வரிசையில் தடுப்பூசி, தாய்ப்பால், குழந்தைகளுக்கு இடைவெளி என்று பல விஷயங்களைப் படித்திருப்பீர்கள். இந்தத் தடவை ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லப் போகிறோம். சட்டம் என்றதும் தாளை மடித்துவிடாதீர்கள். நடக்க முடியாத, காது கேளாத, கண் தெரியாத, அறிவு வளர்ச்சி தாமதமான ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலோ உங்கள் தெருவிலோ இருந்தால், இது உங்களுக்கு வேண்டிய செய்தி.

ஒரு தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை, துணை சுகாதார நிலையம். கைக்குழந்தைக்கு ஊசி போட வந்திருக்கிறார்கள். அப்பா தோளில் ஏழு வயதுப் பெண். இரண்டு காலும் விறைத்துக் கத்தரி மாதிரி பின்னிக் கிடக்கின்றன. மூளை முடக்குவாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடவே பதினோரு வயது மூத்தவளும் நிற்கிறாள், அதுவும் பள்ளிக்கூட நேரத்தில்.

"ஏம்மா, பெரியவ ஸ்கூலுக்குப் போகலையா?" என்று கேட்கிறார் நர்ஸ்.

"நாங்க கூலிக்குப் போயிட்டா சின்னதைப் பாத்துக்க ஆள் வேணுமே நர்சம்மா. அஞ்சாவதோட நிறுத்திட்டோம்."

"சின்னவளை ஸ்கூல்ல போட்டா பெரியவளும் போவாளே?"

அப்பா சிரித்துவிடுகிறார். "இவளையா? கால் சரியாகட்டும் சிஸ்டர், அப்புறம் பாத்துக்கலாம். போன வருஷம் கேட்டதுக்கும் அதான் சொன்னாங்க. நடக்கிற மாதிரி ஆனதும் கூட்டி வாங்கன்னு."

இந்த ஒரு வார்த்தையில்தான் தவறு இருக்கிறது. மூளை முடக்குவாதத்தைப் பொறுத்தவரை, பயிற்சியால் காலின் இறுக்கம் குறையும், பிடித்து நிற்கலாம், சில பிள்ளைகள் நடக்கவும் செய்வார்கள். ஆனால் முழுக்கச் சரியாகும் நாள் என்று ஒன்றுக்காகக் காத்திருந்தால் பள்ளி வயது கடந்துவிடும். நடந்தால்தான் பள்ளிக்கூடம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பிள்ளை எப்படி இருக்கிறதோ அப்படியே சேர்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஏற்றபடி பள்ளிக்கூடம்தான் மாற வேண்டும் என்பதே இன்றைய சட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு இது ஒரு சலுகையாக இருந்தது. மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைக்கும் திட்டம் ஒன்றை 1974-ல் மத்திய அரசு தொடங்கியது. அது திட்டம்தான், உரிமை அல்ல. 1995-ல் ஊனமுற்றோருக்காக முதல் மத்திய சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பவை இரண்டு. ஒன்று, 1-4-2010 முதல் அமலுக்கு வந்த கட்டாய இலவசக் கல்விச் சட்டம். 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தும். இன்னொன்று, 1995 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இது 19-4-2017 முதல் அமலில் இருக்கிறது.

பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டத்தில் 21. பார்வை, காது, கை கால் மட்டுமல்ல. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், தசைச் சிதைவு, எழுத்தைக் கூட்டிப் படிக்க முடியாத கற்றல் குறைபாடு, ரத்தம் உறையாத நோய், தலசீமியா என்ற ரத்தச்சோகை நோய் வரைக்கும் அதில் அடக்கம். "நம்ம பிள்ளைக்குக் கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு, இது நமக்கில்லை" என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்தச் சட்டத்தின் 31-வது பிரிவை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியிலும் படிக்கலாம், சிறப்புப் பள்ளியிலும் படிக்கலாம். எது என்பது உங்கள் விருப்பம். "இந்தப் பிள்ளைக்கெல்லாம் டவுனில் தனி ஸ்கூல் இருக்கு, அங்கே கொண்டுபோங்க" என்று ஒருவர் யோசனை சொல்லலாம். கட்டாயப்படுத்த முடியாது. காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி தெரிந்த சிறப்புப் பள்ளி நல்லதாக இருக்கலாம். காலில் மட்டும் குறை உள்ள பிள்ளையை ஐம்பது மைல் தள்ளி விடுதியில் விட ஒரு காரணமும் இல்லை.

சான்றிதழ் இன்னும் வாங்கவில்லையே என்கிறீர்களா? பள்ளியில் சேர்க்க அது வேண்டியதில்லை. 6 முதல் 14 வயதுப் பிள்ளை யாராக இருந்தாலும் பக்கத்து அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஜூன் மாதம் போய்விட்டது, அடுத்த வருஷம் வாருங்கள் என்றும் சொல்லக் கூடாது. ஏழு வயதோ ஒன்பது வயதோ ஆகிவிட்டால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். இவையெல்லாம் 2009 சட்டத்தில் எழுதியிருப்பவை. ஒன்பது வயதுப் பையனை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவில் உட்கார வைப்பதும், அதனால் அவன் வெட்கப்பட்டு நின்றுவிடுவதும் இனி நடக்க வேண்டியதில்லை.

தனியார் பள்ளிகளிலும் முதல் வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் நலிவுற்ற பிள்ளைகளுக்கு. 2012-ல் செய்த திருத்தத்தின்படி மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது.

அம்மாவின் கவலை

நம் தம்பதியிடம் திரும்புவோம். அப்பா கொஞ்சம் இறங்கி வந்துவிட்டார். அம்மா இன்னும் இல்லை. குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்:

"எல்லாம் சரிங்க நர்சம்மா. ஒண்ணுக்கு வந்தா யாரு தூக்கிட்டுப் போவா? பொட்டப் புள்ளயாச்சே."

இது நியாயமான கேள்வி. சட்டம் பேசுகிறவர்கள் பல பேர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெண் பிள்ளைகள் வீட்டிலேயே தங்கிவிடுவதற்குப் படிப்பு வராதது காரணமில்லை, இதுதான் காரணம்.

2016 சட்டத்தின் 16-வது பிரிவு பள்ளிகளின் கடமைகளைச் சொல்கிறது. பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், விளையாட்டிலும் சேர்க்க வேண்டும். கட்டடமும் வளாகமும் இந்தப் பிள்ளைகள் புழங்கும்படி இருக்க வேண்டும். படி உள்ள இடத்தில் சாய்தளம், கைப்பிடி உள்ள கழிப்பறை எல்லாம் இதில் அடங்கும். போய்வர வாகன வசதி வேண்டும். அதிக உதவி தேவைப்படும் பிள்ளையாக இருந்தால், துணைக்கு வருபவருக்கும் அந்த வசதி உண்டு. ஆகவே அம்மாவோ பாட்டியோ முதல் சில மாதம் கூடப் போய் உட்காரலாமா என்று கேட்கத் தயங்காதீர்கள். எந்த நேரத்தில் அழைத்துப் போனால் பிள்ளைக்குப் பழகும் என்பதை ஆசிரியையிடம் சொல்லிவையுங்கள். காலையில் வீட்டில் ஒரு தடவை, இடைவேளையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை என்று நேரம் வைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பழகிக்கொள்கிறார்கள். தண்ணீர் கொடுக்காமல் மட்டும் அனுப்பாதீர்கள். அப்படிச் செய்யும் தாய்மார்கள் இருக்கிறார்கள். நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் வந்து பிள்ளை இன்னும் கஷ்டப்படும்.

சாய்தளம் இல்லாத பள்ளி இன்னும் எத்தனையோ இருக்கிறது. அதைக் கட்டி முடிக்கட்டும், அப்புறம் சேர்க்கிறோம் என்று நீங்களும் காத்திருக்க வேண்டாம், பள்ளியும் சொல்லக் கூடாது. இரண்டு படிதான் என்றால் வகுப்பைக் கீழ் அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

"நாப்பது புள்ளங்களை வச்சிருக்கிற டீச்சர் நம்ம புள்ளையை எப்படிப் பாப்பாங்க?" என்பது அடுத்த கேள்வி. இதற்கென்று பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைக்கு ஒருவர், 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 15 பிள்ளைக்கு ஒருவர் என்று 2022-ல் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. விதி அப்படி, நடைமுறையில் ஒரே சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றி வருவார். உங்கள் பள்ளிக்கு எந்தெந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குப் போய்ப் பாருங்கள். ஒன்றியத்தில் உள்ள வட்டார வள மையத்தில் இவர்கள் இருப்பார்கள். கை கால் இயக்கப் பயிற்சியும் அங்கே கிடைக்கும்.

அமெரிக்காவில் 1975-ல் இதற்காக ஒரு மத்திய சட்டம் போட்டார்கள். அதில் நமக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த வருஷம் என்ன சொல்லிக்கொடுப்போம் என்று தனியாக ஒரு திட்டம் எழுத வேண்டும். எழுதும்போது தாய் தகப்பனும் கூட உட்கார வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நம் சட்டத்தில் இவ்வளவு விரிவாக இல்லை. ஆனாலும் பிள்ளைக்குத் தனிக்கவனம் தர வேண்டும், அதன் முன்னேற்றத்தைக் கவனித்துவர வேண்டும் என்று இருக்கிறது. அதை வைத்து நீங்களும் கேட்கலாம்: "டீச்சர், மூணு மாசத்துல இவ என்ன கத்துக்கணும்னு நெனைக்கிறீங்க?" பென்சில் பிடிப்பதாக இருக்கலாம், பத்து வரை எண்ணுவதாக இருக்கலாம், பசிக்கிறது என்று கையால் காட்டுவதாகவும் இருக்கலாம். ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதையே வீட்டிலும் சொல்லிக்கொடுங்கள்.

வீட்டிலேயே படிப்பது

படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளைகள், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ள பிள்ளைகள், இவர்களுக்கு வீட்டிலேயே வந்து சொல்லித்தரும் முறையும் உண்டு. 2012 திருத்தத்தில் இது வந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கும் பிள்ளைக்கும்தான் தரப்பட்டிருக்கிறது. "இவனை வீட்டிலேயே வச்சுக்குங்க, நாங்க ஆள் அனுப்பறோம்" என்று பள்ளி தானாக முடிவு செய்யக் கூடாது. வீட்டுக்கு வருபவர் வாரத்தில் சிறிது நேரம்தான் இருப்பார். பள்ளிக்கூடத்திலோ காலை முதல் மாலை வரை நாற்பது பிள்ளைகளின் பேச்சும் சிரிப்பும் சண்டையும் உண்டு. தூக்கி உட்கார வைக்க முடிகிற பிள்ளையை நாங்கள் பள்ளிக்கே அனுப்பச் சொல்வோம்.

சான்றிதழும் அட்டையும்

சேர்க்கைக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று சொன்னோம். ஆனால் வாங்கி வைப்பது மிக அவசியம். 14 வயதுக்கு மேல் 18 வரை இலவசப் படிப்புக்கும், 18 வயது வரை இலவசமாகக் கிடைக்கும் பாடநூலுக்கும் கருவிகளுக்கும், கல்வி உதவித்தொகைக்கும் 40 சதவீதச் சான்று கேட்பார்கள். பரீட்சையில் கூடுதல் நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவது, இரண்டாவது மூன்றாவது மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளையும் சட்டம் சொல்கிறது. பின்னால் கல்லூரியில் நூற்றுக்கு 5 இடம் ஒதுக்கீடும் உண்டு.

சான்றிதழை அரசு மருத்துவமனை டாக்டர்கள் பார்த்துத் தருவார்கள். அதோடு நாடு முழுவதும் செல்லும் அடையாள அட்டையும் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றியத்திலேயே மருத்துவ முகாம் நடக்கும். தேதியைப் பள்ளியிலோ வட்டார வள மையத்திலோ கேளுங்கள். ஆதார், புகைப்படம், பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

சீக்கிரம் கண்டுபிடித்தால்

ஆறு வயதில் பள்ளி. அதற்கு முந்தைய ஆறு வருஷம்தான் எங்கள் துறைக்கு முக்கியம். நாலு மாதத்தில் தலை நிற்கவில்லை, ஆறு மாதத்தில் சத்தம் கேட்டுத் திரும்பவில்லை, ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மறுநாளே கிராம சுகாதார நர்ஸிடம் சொல்லுங்கள். பிறப்பு முதல் 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்கும் திட்டம் 2013 முதல் நடக்கிறது. டாக்டர் குழு வண்டியில் அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவையும், அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வர வேண்டும் என்பது ஏற்பாடு. குறை தெரிந்தால் மாவட்டத்தில் உள்ள ஆரம்ப நிலை சிகிச்சை மையத்துக்கு அனுப்புவார்கள். கவனியுங்கள்: அங்கன்வாடிக்கும் போகாமல் பள்ளிக்கும் போகாமல் வீட்டுக்குள் இருக்கும் பிள்ளை, இந்தக் குழுவின் கண்ணிலும் படாது.

தம்பதிகளுக்கு இன்னொரு வார்த்தை. இப்படிப் பிள்ளை பிறந்தால் முதலில் தாயைத்தான் குறை சொல்கிறார்கள். கிரகணத்தில் வெளியே போனாள், கண்டதைத் தின்றாள் என்பார்கள். குறைமாதப் பிரசவம், பிறந்தவுடன் அழாமல் மூச்சுத் திணறியது, மஞ்சள் காமாலை முற்றியது, மூளைக் காய்ச்சல் என்று காரணங்கள் பல. சிலவற்றுக்குக் காரணமே தெரியாது. மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் கட்டியவர்களுக்குச் சில பரம்பரைக் குறைகள் வரும் வாய்ப்பு கூடுதல். அதிலும் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சம பங்குதான். அடுத்த பிள்ளைக்கு முன் இருவரும் சேர்ந்து டாக்டரைப் பாருங்கள்.

சேர்க்க மாட்டோம் என்றால்?

முதலில் பேசிப் பாருங்கள். பிறகு எழுதிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான், அவர்களிடம் சொல்லுங்கள். வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள், அதற்கு மேல் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் என்று வழி இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்கும் பேசலாம். 2016 சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரைக்கும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரைக்கும் அபராதம் உண்டு. அதைச் சொல்லி மிரட்டிக்கொண்டு போக வேண்டாம். நாளைக்கு உங்கள் பிள்ளை அதே டீச்சரிடம்தான் உட்காரப் போகிறது. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பது தெரிந்தால் குரல் நடுங்காது.

நம் தம்பதிக்கும் எழுதிக் கொடுப்பது என்றதும்தான் தயக்கம் வந்தது. "எங்களுக்கு எழுத வராதுங்களே" என்றார் அப்பா.

"உங்க பெரிய பொண்ணு அஞ்சாவது முடிச்சவதானே அண்ணே. நான் சொல்றேன், அவ எழுதட்டும்" என்றார் நர்ஸ். ஊசி போட்ட அட்டையைப் பலகையாக வைத்துக்கொண்டு மூத்தவள் எழுதியது இவ்வளவுதான்:

"தலைமை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் மகளுக்கு வயது 7. மூளை முடக்குவாதத்தால் நடக்க முடியாது. பேசினால் புரிந்துகொள்வாள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16, 31-வது பிரிவுகளின்படியும் அவளைத் தங்கள் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டுகிறோம். வகுப்பு கீழ் அறையில் இருக்க வேண்டும். சேர்க்க முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டுகிறோம். நின்றுபோன மூத்த மகளையும் ஆறாம் வகுப்பில் சேர்க்க வருகிறோம்."

இரண்டு பிரதி எழுதுங்கள். தேதி போட்டு, அப்பா அம்மா இருவரும் கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். ஒன்றைப் பள்ளியில் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.